அம்மாவின் இரண்டு கிளினிக் கொப்பிகள்

அம்மாவிடம் இரண்டு பொலித்தீன் பைகள் இருந்தன. நீலப் பைக்குள் தைரொயிட் கிளினிக் கொப்பி, மஞ்சள் பைக்குள் சீனி வருத்தக் கொப்பி. இரண்டும் அலுமாரியில் வேறு வேறு தட்டில் இருக்கும். தைரொயிட் கிளினிக் நாளில் நீலப் பை மட்டும் போகும், சீனி கிளினிக் நாளில் மஞ்சள் பை மட்டும் போகும். பதினொரு வருடம் அப்படித்தான் போய் வந்தா. அந்த இரண்டு கொப்பிகளையும் ஒரே மேசையில் விரித்து வைத்துப் பார்த்த முதல் ஆள் நான். அதுவும் அம்மாவின் ஈரலில் 3.8 சென்ரிமீற்றர் கட்டி இருக்கிறது என்று தெரிந்த பிறகு.

நாங்கள் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம். மண்டூரிலிருந்து குருமண்வெளிக்குப் பாதையில் (வாவியைக் கடக்கிற மிதவையை இங்கே அப்படித்தான் சொல்வோம்) மோட்டார் சைக்கிளை ஏற்றி அக்கரை போய், அங்கிருந்து பஸ் பிடித்தால்தான் பெரிய ஆஸ்பத்திரிகள். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். அப்பா இல்லை. தம்பி கட்டாரில். என் கணவருக்கு வேலை வவுனியாவில், மாதத்துக்கு ஒரு தடவை வருவார். ஆகவே அம்மாவின் வருத்தத்தை நான் தனியாகத்தான் பார்த்தேன். அதைப் புலம்பலாகச் சொல்லவில்லை. பக்கத்தில் இன்னொரு ஆள் இருந்திருந்தால் நான் கேட்காமல் விட்ட கேள்விகளில் ஒன்றிரண்டையாவது அவர் கேட்டிருப்பார், அதற்காகச் சொல்கிறேன்.

அம்மாவுக்குத் தைரொயிட் குறைவு என்று 2008இல் கண்டுபிடித்தார்கள். தைரொக்சின் 100 மைக்ரோகிராம், தினமும் ஒரு குளிசை. 2011இல் சீனியும் சேர்ந்தது. மற்றப்படி நல்ல உசாரான மனுசி. விடிய எழும்பி முற்றம் கூட்டி, பிட்டு அவித்து, என் பிள்ளைகள் இரண்டையும் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்தி விடுவா. 2021 மார்கழியில் முதல் தடவையாக, கூட்டுமாற்றைப் பாதி முற்றத்தில் போட்டுவிட்டுத் திண்ணையில் வந்து குந்திக்கொண்டா. "ஏலாமக் கிடக்கு மகள்" என்றா. தைரொயிட்காரருக்கு இந்தச் சொல் புதிதில்லை. நானும், "டிஎஸ்எச் கூடியிருக்கும், பாப்பம்" என்றேன். தைரொயிட் போதாவிட்டால் இரத்தத்தில் கூடிக் காட்டுகிற இலக்கம்தான் டிஎஸ்எச். பார்த்தோம், 8.2. பெரும்பாலான லேப்புகளில் 4 அளவுதான் மேல் எல்லை. 125க்குக் கூட்டினார்கள். காரணம் தெரிந்துவிட்டது, மருந்தும் கூடிவிட்டது, விசயம் முடிந்தது என்று நினைத்தேன். பிழை அங்கேதான் தொடங்கியது.

அந்த 8.2க்கு வேறொரு காரணமும் இருந்திருக்கலாம் என்பது பிறகுதான் தெரிந்தது. அம்மா குளிசையை விடிய இஞ்சி போட்ட பிளேன்டீயோடுதான் விழுங்குவா. அதற்குச் சில மாதங்களுக்கு முன் முழங்கால் நோவுக்குக் கல்சியம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். இரண்டையும் மறந்துபோகாமலிருக்க ஒரே நேரத்தில் போட்டுக்கொண்டா. தைரொக்சின் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு போக வேண்டிய குளிசை. தேநீருக்கும் சாப்பாட்டுக்கும் அரை மணித்தியாலமாவது, முடிந்தால் ஒரு மணித்தியாலம் இடைவெளி வேண்டும். கல்சியம், இரும்புச்சத்துக் குளிசைகளுக்கு 4 மணித்தியாலம். இதை 13 வருடத்தில் ஒருவரும் சொல்லவில்லையா, சொல்லியும் அம்மா கேட்கவில்லையா என்று தெரியவில்லை. உங்கள் வீட்டில் யாராவது தைரொக்சின் போட்டால், நாளைக்கு விடிய அவர் எதோடு விழுங்குகிறார் என்று ஒரு தடவை பக்கத்தில் நின்று பாருங்கள்.

சரி, குளிசை கூடியது, கல்சியத்தையும் இரவுக்கு மாற்றினோம். 2022 மாசியில் டிஎஸ்எச் 2.4. நல்ல இலக்கம். ஆனால் அம்மா அப்படியேதான் இருந்தா. பின்னேரமானால் காலில் வீக்கம், விரலால் அமத்தினால் குழி விழும். உடம்பெல்லாம் கடி, முக்கியமாக இரவில். சாப்பாட்டில் மனமில்லை. முகம் மெலிந்துகொண்டு போனது, சாறி மட்டும் இடுப்பில் இறுகியது. இவ்வளவையும் நான் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு, "தைரொயிட் சரியாக இன்னும் கொஞ்ச நாள் எடுக்கும்" என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். டோஸ் மாற்றி 6 முதல் 8 கிழமையில் டிஎஸ்எச் நிலைக்கு வந்துவிடும். இலக்கம் சரியாகியும் ஆள் சரியாகவில்லை என்றால் களைப்பு வேறெங்கிருந்தோ வருகிறது. அதை அன்றைக்கே யோசித்திருந்தால் எட்டு மாதம் மிஞ்சியிருக்கும்.

சித்திரையில் பொறுக்க முடியாமல் டவுனில் ஒரு தனியார் இடத்தில் காசு கட்டிச் சனல் பண்ணி டொக்டரிடம் காட்டினோம். அதற்கு முதல் ஒரு தனியார் லேப்பில் தைரொயிட் பக்கேஜ் என்று 9,500 ரூபாய்க்கு எல்லாவற்றையும் செய்தோம். அதில் டிஎஸ்எச் அதே அளவில் நல்லதாக இருந்தது, ஆனால் டோட்டல் டி4, அதாவது இரத்தத்திலுள்ள மொத்தத் தைரொக்சின், 14.6. மேல் எல்லை 12. பக்கத்தில் சிவப்பில் அம்புக்குறி. சனல் பண்ணிய டொக்டர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, குளிசை கூடிப்போயிற்று என்று 75க்குக் குறைத்தார். அவர் யார், எந்த இடம் என்பது இங்கே முக்கியமில்லை. அந்த அம்புக்குறி எங்களிடம் சொல்ல வந்த விசயம்தான் முக்கியம், அதைப் பிறகு கொழும்பில் ஒரு ஹோர்மோன் டொக்டர் கடதாசியில் படம் கீறி விளங்கப்படுத்தினார்.

தைரொக்சின் இரத்தத்தில் தனியாக ஓடுவதில்லை. ஏறக்குறைய முழுவதுமே புரதங்களின் முதுகில் ஏறித்தான் போகும். அந்தப் புரதங்களைச் செய்வது ஈரல். முதுகில் ஏறாமல் சுதந்திரமாகத் திரியும் மிகச் சின்னப் பங்குதான் உடம்புக்கு வேலை செய்கிறது. ஃப்ரீ டி4 என்பது அந்தச் சின்னப் பங்கு, டோட்டல் டி4 என்பது எல்லாம் சேர்ந்த கணக்கு. ஈரலில் சில வருத்தங்களில், ஈரல் புற்றுநோயிலும்கூட, அந்தச் சுமக்கும் புரதம் கூடிப்போகும். பஸ் கூடினால் பஸ்ஸில் இருக்கிற ஆட்களின் எண்ணிக்கையும் கூடும். ஆனால் சந்தையில் இறங்கி நிற்கிற ஆட்கள் அதே அளவுதான். டிஎஸ்எச் சரியாக இருக்க டோட்டல் டி4 மட்டும் கூடியிருந்தால் குளிசையைக் குறைக்கும் முன் ஃப்ரீ டி4 பார்க்க வேண்டும், ஏன் புரதம் கூடியது என்று கேட்க வேண்டும். எங்களுக்கு ஈரலிலிருந்து ஒரு சீட்டு வந்திருக்கிறது, அதை நாங்கள் தைரொயிட் கணக்கில் பதிந்துவிட்டோம். தைரொக்சினை உடம்பு பாவிக்கக்கூடிய டி3 ஆக மாற்றுகிற வேலையில் பெரிய பங்கும் ஈரலுக்குத்தான். ஈரல் பழுதானால் டி3 குறைந்து காட்டும். அது பெரும்பாலும் தைரொயிட்டின் குற்றம் இல்லை. இந்த இரண்டு உறுப்பும் இவ்வளவு நெருக்கம் என்பது 13 வருடமாக எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

குளிசை குறைத்ததும் அம்மா இன்னும் சோர்ந்துபோனா. ஆனியிலும் ஆடியிலும் பெற்றோல் இல்லை. வரிசையில் இரண்டு நாள் நின்றும் கிடைக்காமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த காலம். ஒரு கிளினிக் தவறியது, அடுத்ததும் தவறியது. ஆவணியில் டிஎஸ்எச் 19. திரும்பவும் 125. ஒரு வட்டம் சுற்றிப் பழைய இடத்துக்கே வந்தோம். இடையில் ஒருவரும் அம்மாவைக் கட்டிலில் படுக்க வைத்து வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை. நானும் பாருங்கள் என்று கேட்கவில்லை. டொக்டரிடம் கேள்வி கேட்டால் கோபிப்பார் என்ற பயம் ஒரு பக்கம், வெளியே நிற்கிற நீண்ட வரிசை இன்னொரு பக்கம்.

ஐப்பசியில் தைரொயிட் கிளினிக்கில் வழமையான டொக்டர் லீவு. அவருக்குப் பதிலாக ஒரு இளம் டொக்டர், சிங்களப் பிள்ளை, தமிழ் கொஞ்சம் கொஞ்சம் கதைப்பார். கொப்பியைப் பார்க்கும் முன் அம்மாவின் கையைத் திருப்பிப் பார்த்தார். அம்மாவின் உள்ளங்கை எப்போதும் சிவப்பு. மருதோன்றி போட்ட கை மாதிரி என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். அவர் பகிடி பண்ணவில்லை. சட்டையைக் கொஞ்சம் தளர்த்தச் சொல்லி நெஞ்சுப் பக்கம் பார்த்தார். சின்னச் சின்னதாகச் சிலந்தி கால் விரித்தது போலச் சிவப்பு நரம்புகள். அதை நான் அன்றைக்குத்தான் கண்டேன். படுக்க வைத்து இடது பக்கம் விலாவுக்குக் கீழே விரலை வைத்து, "அம்மா, மூச்சு எடுங்க" என்றார். பிறகு என்னிடம், "இவங்களுக்கு ஈரல் ஸ்கேன் பண்ணினதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "ஃபுல் பிளட் கவுண்ட் ரிப்போர்ட் இருக்கா?" அது மஞ்சள் பையில். மஞ்சள் பை வீட்டில்.

மூன்று நாள் கழித்து ஸ்கேன் செய்த இடத்தில் ரிப்போர்ட்டைக் கவரில் ஒட்டித் தந்தார்கள். குருமண்வெளித் துறையில் பாதைக்குக் காத்து நிற்கும்போது பிரித்துப் பார்த்தேன். ஈரல் சுருங்கித் தழும்பேறியிருக்கிறது, மண்ணீரல் பெருத்திருக்கிறது, வலது பக்கம் ஒரு கட்டி. அம்மா பக்கத்தில் நின்று கச்சான் உரித்து எனக்கும் நீட்டினா. வாங்கிச் சாப்பிட்டேன்.

அன்றிரவு எல்லாரும் படுத்த பிறகு இரண்டு பைகளையும் எடுத்து மேசையில் கொட்டினேன். சீனிக் கொப்பிக்குள் மடித்துச் செருகிய இரத்த ரிப்போர்ட்டுகள். பிளேட்லெட் 2020இல் 118,000. 2021இல் 104,000. 2022 தொடக்கத்தில் 96,000. வழமையாக 150,000க்கு மேல் இருக்க வேண்டும். ஈரலில் தழும்பு கூடக்கூட மண்ணீரல் பெருத்து பிளேட்லெட்டைத் தேக்கி வைத்துக்கொள்ளும், ஆகவே இந்த இலக்கம் மெதுவாக இறங்குவது பழைய கணக்கு. டெங்குக் காலத்தில் பிளேட்லெட்டை நாங்கள் நாளுக்கு நாள் பார்ப்போம். இங்கே இரண்டு வருடமாகப் படி இறங்கிக்கொண்டு போயிருக்கிறது, பார்க்க ஆளில்லை.

ஈரலில் தழும்பு இருக்குமா என்று மட்டிட ஃபிப்-4 என்று ஒரு கணக்கு இருக்கிறது, அதை அப்போதுதான் அறிந்தேன். அதற்கு வேண்டிய ஏஎஸ்டி, ஏஎல்டி இரண்டும் இரத்தச் சோதனையில் வருகிற ஈரல் இலக்கங்கள். வயதை ஏஎஸ்டியால் பெருக்க வேண்டும். பிறகு பிளேட்லெட் எண்ணிக்கையை (ஆயிரத்தில்) ஏஎல்டியின் வர்க்கமூலத்தால் பெருக்கி, முதல் விடையை இதனால் வகுக்க வேண்டும். 1.3க்குக் கீழே வந்தால் ஈரலில் பெரிய தழும்பு இருக்கிற வாய்ப்புக் குறைவு, 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 2 வரை பரவாயில்லை. 2.67க்கு மேலே போனால் ஈரல் டொக்டரிடம் போக வேண்டும். அம்மாவின் 2020 ரிப்போர்ட்: வயது 59, ஏஎஸ்டி 62, ஏஎல்டி 49, பிளேட்லெட் 118. ஏஎல்டியின் வர்க்கமூலம் 7. ஃபோன் கல்குலேட்டரில் அடித்தேன். 4.4. இரண்டு தடவை திரும்ப அடித்தேன். நான் கணிதம் படிப்பிக்கிற ரீச்சர். எட்டாம் வகுப்புப் பிள்ளை போடுகிற கணக்கு அது, ஒரு சதமும் செலவில்லை, இரண்டு வருடமாக அலுமாரியில் மஞ்சள் பைக்குள் கிடந்திருக்கிறது. இது ஒரு சல்லடை மட்டும்தான், தீர்ப்பு இல்லை. இளம் வயதுக்காரருக்கும் காய்ச்சலாகப் படுத்திருப்பவருக்கும் பிழையாகக் காட்டும். ஆனாலும் வீட்டில் சீனி, கொழுப்பு ஈரல், தைரொயிட் என்று வருடக்கணக்காக மருந்து எடுக்கிறவர் இருந்தால் இன்றைக்கே போட்டுப் பாருங்கள்.

அதற்குப் பிறகு மூன்று கட்ட சிடி ஸ்கேன், 42,000 ரூபா. அதிலேயே புற்றுநோய் என்று உறுதிப்படுத்திவிட்டார்கள். துண்டு எடுத்துச் சோதிக்காமல் எப்படிச் சொல்வது என்று சொந்தக்காரர் ஆளாளுக்குக் கேட்டார்கள். தழும்பேறிய ஈரலில், ஸ்கேனுக்கு ஊசியில் ஏற்றுகிற மருந்தைக் கட்டி முதலில் வேகமாக உறிஞ்சி, பிறகு சுற்றியுள்ள ஈரலைவிட வேகமாகக் கழுவிவிட்டால் அந்தப் படமே போதும், துண்டு தேவையில்லை. ஈரல் புற்றுநோயில் கூடக்கூடிய ஏஎஃப்பி என்ற இரத்தச் சோதனை 60தான் வந்தது. அதைப் பார்த்து, "இவ்வளவுதானே, அப்ப பெருசா இல்ல" என்றார் ஒரு மாமா. கட்டி சின்னதாக இருக்கும்போது பலருக்கு அது கூடாமலேயே இருக்கும். அந்தச் சோதனையை மட்டும் நம்பக்கூடாது, ஸ்கேனும் வேண்டும். ஈரலில் தழும்பு இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு 6 மாதத்துக்கு ஒரு ஸ்கேன் பண்ணுவது உலகம் முழுவதும் உள்ள வழமை. எங்களுக்குத் தழும்பும் கட்டியும் ஒரே நாளில்தான் தெரிந்தன.

"குடிக்காத மனுசிக்கு ஈரல்ல எப்படி?" இதை எத்தனை பேர் கேட்டார்கள் என்று எண்ணவில்லை. செத்தவீட்டிலும் கேட்டார்கள். இலங்கையில் ஈரல் புற்றுநோயோடு வருகிறவர்களில் வைரஸால் வந்தவர்கள் குறைவு, சாராயமும் கொழுப்பு ஈரலும்தான் பெரிய காரணங்கள். சீனி, வயிற்றுப் பருமன், கொலஸ்டரோல் மூன்றும் சேர்ந்தால் சாராயம் ஒரு சொட்டும் இல்லாமலே ஈரல் தழும்பேறும். தைரொயிட் குறைவும் அந்தக் கூட்டத்தில் ஒரு ஆள், அது உடலின் கொழுப்பு எரிவதை மந்தமாக்கும்.

இடையில் ஒரு வெட்கக்கேடும் உண்டு. கொழும்பில் சிகிச்சைக்குத் திகதி வர நாள் இருந்தபடியால் பெரியம்மா சொல்லி ஒரு நாட்டு வைத்தியரிடம் போனோம். மூன்று கிழமை, 45,000 ரூபா, கறுப்பாக ஒரு கசாயம். அது குடிக்கும்வரை தைரொக்சினை நிற்பாட்டச் சொன்னார், நானும் ஐந்து நாள் நிற்பாட்டினேன். படித்த மனுசி செய்கிற வேலையா என்று கேட்டால் பதில் இல்லை. பயந்த நேரத்தில் யார் தைரியமாகக் கதைக்கிறாரோ அவர் பக்கம் மனம் சாய்ந்துவிடுகிறது. ஈரல் பழுதான ஆளுக்கு எது உள்ளே போனாலும் அதை ஈரல்தான் அரைக்க வேண்டும். பெனடோல்கூட டொக்டர் சொன்ன அளவுக்குமேல் கூடாது.

2023 தையில் கொழும்பில் டேஸ் என்கிற சிகிச்சை. தொடையில் ஊசியளவு துவாரம் போட்டு, இரத்தக்குழாய் வழியாகக் கட்டிவரை போய், புற்றுநோய் மருந்தை ஒரு எண்ணெயில் கலந்து விட்டு, பிறகு குழாயை அடைப்பார்கள். நாலு நாள் காய்ச்சலும் நோவும் இருந்தது, அது எதிர்பார்த்ததுதான். அந்த எண்ணெயைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். லிப்பியோடோல் என்று பெயர், கசகசா எண்ணெயில் அயடின் ஏற்றியது. ஒரு மில்லியில் 480 மில்லிகிராம் அயடின். வளர்ந்த ஆளுக்கு ஒரு நாளைக்குத் தேவையான அயடின் 150 மைக்ரோகிராம். அம்மாவுக்கு விட்டது 8 மில்லி. வார்ட்டுக்கு வெளியே வாங்கில் இருந்து கணக்குப் போட்டேன், ஏறக்குறைய 70 வருடத்துக்கான அயடின். அவ்வளவும் ஒரேயடியாக உடம்புக்குள் கரைவதில்லை, கட்டியில் தங்கி மெதுவாகத்தான் போகும். ஆனாலும் சிலருக்குத் தைரொயிட் இதனால் குழம்பும், கூடவும் செய்யும், குறையவும் செய்யும். சிடி ஸ்கேனுக்கு ஊசியில் ஏற்றுகிற மருந்திலும் அயடின்தான். எனக்குக் கணக்குப் போடுகிற பழக்கம் இல்லாவிட்டால் கேட்டிருக்கவே மாட்டேன்: "டொக்டர், அம்மா தைரொயிட் ஆள், இதுக்குப் பிறகு டிஎஸ்எச் பார்க்கணுமா?" அவர் நிமிர்ந்து பார்த்தார். "பாருங்க, ஆறு கிழமையில" என்று கொப்பியில் எழுதினார். கேள்வி கேட்டதற்கு ஒருவரும் கோபிக்கவில்லை.

தைரொயிட்தான் இந்தப் புற்றுநோயைக் கொண்டுவந்ததா? இரவில் இது என்னை அரித்த கேள்வி. பிளேன்டீயும் கல்சியமும் என்று நான் கவனிக்காமல் விட்டதும் சேர்ந்து அரித்தது. தேடி வாசித்தேன். 2009இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில், பத்து வருடத்துக்கு மேல் தைரொயிட் குறைவு உள்ள பெண்களிடம் ஈரல் புற்றுநோய் கூடுதலாகக் காணப்பட்டது. இன்னொரு பக்கம், புற்றுநோய் வந்த பிறகு ஃப்ரீ டி4 கூடியவர்களின் நிலை மோசமாக இருந்தது என்று வேறு ஆய்வுகள் சொல்கின்றன. ஒன்று மற்றதற்குக் காரணம் என்று யாரும் நிரூபிக்கவில்லை. கொழும்பு ஹோர்மோன் டொக்டரிடம் கேட்டபோது, "அம்மா குளிசை போட்டுக்கொண்டுதானே இருந்தாங்க, உங்களைக் குற்றம் சொல்லாதீங்க" என்றார். அவர் சொன்னது மருந்து மாதிரித்தான் இருந்தது, ஆனால் அதுவும் சில நாளில் இறங்கிவிடும்.

டேஸுக்குப் பிறகு எட்டு மாதம் நல்ல காலம். மண்டூர்க் கோயில் திருவிழாவுக்கு அம்மா தானாக நடந்து போனா. புரட்டாசி ஸ்கேனில் கட்டி திரும்பவும், இந்தத் தடவை இரண்டு இடத்தில். லென்வட்டினிப் என்ற கப்சியூல் தொடங்கினார்கள். அம்மா 54 கிலோ, ஆகவே 8 மில்லிகிராம். 60 கிலோ அல்லது அதற்கு மேலே என்றால் 12. மாதத்துக்கு 68,000 ரூபா வந்தது. பிரஷர் பார்க்கச் சொன்னார்கள், கால் பாதம் பார்க்கச் சொன்னார்கள். தைரொயிட்டைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

கார்த்திகை கடைசியில் அம்மா படுத்தா. பகல் முழுக்க நித்திரை. குரல் தடித்தது, கதை மெதுவானது, கூதல் என்று போர்வைக்குள் கிடந்தா, மலம் இறுகியது. சொந்தக்காரர் வரத் தொடங்கினார்கள். பெரியம்மா கட்டார்த் தம்பிக்கு டிக்கெட் போடச் சொல்லி அழுதா. தம்பி ஃபோனில், "அக்கா, உண்மையச் சொல்லுங்க" என்றான். ஈரல்காரருக்கு இப்படி நித்திரை வந்தால் முதலில் பார்ப்பது, ஈரலில் கழியாத நஞ்சு மூளைக்கு ஏறிவிட்டதா என்பதை. டொக்டர் அம்மாவிடம், "கையை நீட்டி பஸ்ஸை மறிக்கிற மாதிரிப் பிடிங்க" என்றார். அந்த நிலை இருந்தால் கை செட்டை அடிக்கும். அம்மாவின் கை அசையாமல் நின்றது. பெயர் எழுதச் சொன்னார், எழுத்து சின்னப் பிள்ளைக்கு எழுதிக் காட்டுவது போல மெதுவாக, ஆனால் சரியாக வந்தது. அப்படியானால் புற்றுநோய் முத்திவிட்டது, இனி இப்படித்தான் என்றார்கள்.

அன்றைக்கு நான் ஒரு நல்ல வேலை செய்தேன். யாரையும் கேட்காமல் 1,800 ரூபா கட்டி டிஎஸ்எச் கொடுத்தேன். 41. முதலில் எல்லாம் தைரொயிட் என்று நினைத்து ஈரலைத் தவறவிட்டோம். பிறகு எல்லாம் ஈரல் என்று நினைத்து தைரொயிட்டைத் தவறவிடப் பார்த்தோம். லென்வட்டினிப், சொராஃபெனிப் போன்ற கப்சியூல்களும் குளிசைகளும் தைரொயிட்டைக் குறைப்பது அபூர்வமில்லை. லென்வட்டினிப் தொடங்கும் முன்னும் பிறகு மாதாமாதமும் தைரொயிட் பார்க்க வேண்டும் என்று மருந்தோடு வருகிற கடதாசியிலேயே இருக்கிறது. நோய் எதிர்ப்பைத் தூண்டுகிற புதிய ஊசி மருந்துகளும் தைரொயிட்டைப் புண்ணாக்கலாம். ஏற்கனவே தைரொக்சின் போடுகிறவருக்கு அந்தப் பழைய அளவு பற்றாமல் போகலாம். டோஸை நான் மாற்றவில்லை, ரிப்போர்ட்டோடு ஓடிப்போய்க் காட்டினேன். முதலில் 150, மூன்று கிழமைக்குப் பிறகு 175.

தைப்பொங்கலன்று விடிய நாலரைக்குக் குசினியில் சத்தம். அம்மா அடுப்புக்கு முன்னால் பலகையில் குந்தி, தேங்காய் துருவிக்கொண்டு இருந்தா. சாறியை இறுக்கிக் கட்டியிருந்தா. "பால் பொங்கக்குள்ள நீ நித்திரையெண்டா நான் என்ன செய்ய?" என்று என்னை ஏசினா. அந்த ஏச்சு 1,800 ரூபாய்க்கு வாங்கியது.

காசுக் கணக்கைக் கேட்பவர்களுக்கு: முதல் பத்து மாதம் சனலும் லேப்புமாக 38,000. வைத்தியர் 45,000. சிடி 42,000. கொழும்புக்கு ஏழு தடவை, முதல் தடவை வான், மற்றதெல்லாம் இரவு ரயில், தங்கலும் சேர்த்து 2 இலட்சத்து 10 ஆயிரம். கப்சியூல் ஐந்து மாதம் 3 இலட்சத்து 40 ஆயிரம். சில்லறை 60,000. மொத்தம் 7 இலட்சத்து 35 ஆயிரம். என் தாலிக்கொடி இன்னும் அடகில். சம்பளமில்லாத லீவு தனி. அரசாங்க ஆஸ்பத்திரியில் படுத்ததற்கும் டேஸுக்கும் காசு எடுக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். உண்மையில் தேவையாக இருந்த முதல் வயிற்று ஸ்கேனுக்கு வந்தது 3,500 மட்டும்.

பொங்கலுக்குப் பிறகு நான் ஒரு வேலை செய்தேன். இரண்டு கொப்பிகளையும் நூல் போட்டுத் தைத்து ஒன்றாக்கினேன். முன் மட்டையில் ஒரு தாள் ஒட்டி, திகதி, டிஎஸ்எச், பிளேட்லெட், தைரொக்சின் அளவு, மற்றக் குளிசைகள் என்று கட்டம் போட்டு எழுதினேன். கிளினிக் நேர்ஸ் மிஸ்மார் முதலில், "இப்படிக் கட்டக்கூடாது, வேற வேற கிளினிக்" என்றார்கள். டொக்டர்மார் அந்தத் தாளைத்தான் முதலில் பார்த்தார்கள். இப்போது சின்னம்மாவுக்கும் அப்படி ஒரு தாள் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அவவுக்கும் சீனி, தைரொயிட் இரண்டும் உண்டு. ஃபிப்-4 1.1, ஸ்கேனில் கொழுப்பு மட்டும்தான்.

மார்ச்சில் கப்சியூலை நிற்பாட்டினார்கள், ஈரல் தாங்கவில்லை. அதே மாதம் தம்பி ஒரு செய்தி அனுப்பினான்: கொழுப்பு ஈரலில் தழும்பு விழுந்தவர்களுக்கு ரெஸ்மெட்டிரோம் என்ற மருந்தை அமெரிக்காவில் அனுமதித்திருக்கிறார்கள், ஈரலில் தைரொயிட் ஹோர்மோனைப் பிடித்துக்கொள்கிற வாங்கியைத் தூண்டி வேலை செய்கிற மருந்து. "அக்கா, இது அம்மாவுக்குச் சரிவருமா?" என்று கேட்டிருந்தான். அந்த மருந்து தழும்பு முற்ற முன் கொடுக்கிறது. அம்மாவின் ஈரலுக்கு அந்தக் காலம் 2020இல் இருந்திருக்கலாம், அதற்கும் முன்னாலே இருந்திருக்கலாம். அவனுக்கு நான் பதில் எழுதவில்லை.

அம்மா சித்திரை வருடப்பிறப்புக்கு ஆறு நாள் முன் போயிட்டா. எட்டுச் செலவு முடிந்த கிழமையில் லேப்பிலிருந்து ஃபோன் வந்தது, ஒரு ரிப்போர்ட் எடுக்காமல் கிடக்கிறதாம். கடைசியாகக் கொடுத்த இரத்தம். பாதையில் அக்கரை போய் வாங்கி வந்தேன். டிஎஸ்எச் 2.9. கொப்பியின் முன் மட்டைத் தாளில் ஒரு கட்டம் மிஞ்சியிருந்தது. திகதியைப் போட்டு அதில் எழுதி வைத்தேன்.